25 வாட் போதுமா, ஸ்டேஷன் வேண்டுமா: வீட்டில் எஸ்.எம்.டி. பற்றவைக்க எதை வாங்குவது?

எஸ்.எம்.டி. பாகங்களை, அதாவது துளையில் கால் நுழைக்காமல் போர்டின் மேற்பரப்பிலேயே உட்காருகிற சின்னப் பாகங்களை, வீட்டிலேயே கையால் பற்றவைக்கலாம் என்று இறங்குகிறவர் முன்னால் இன்றைக்கு நாலைந்து சாமான்கள் வரிசையாக நிற்கின்றன. 230 வோல்ட்டில் நேராகச் செருகும் 25 வாட் அயர்ன், கைப்பிடியிலேயே திருகு வைத்த 60 வாட் அயர்ன், 936 மாதிரி அல்லது டி12 பிட் (முனை) போடுகிற, சூட்டைக் கட்டுப்படுத்தத் தனிப் பெட்டியோடு வருகிற ஸ்டேஷன், டைப்-சி சார்ஜரில் ஓடும் பேனா அளவு அயர்ன், அப்புறம் மொபைல் கடைக்காரர்கள் ‘ப்ளோயர்’ என்று சொல்கிற, சூடான காற்றை ஊதும் ஹாட் ஏர். விலை சில நூறில் தொடங்கிப் பல ஆயிரம் வரை போகிறது. யூடியூப்பைப் பார்த்தால் வரிசையில் கடைசியாக இருப்பது இல்லாமல் ஒன்றுமே நடக்காது போலத் தோன்றும். தெருமுனை டிவி மெக்கானிக்கைப் பார்த்தால் முதலாவதே ஆயுசுக்கும் போதும் போலத் தோன்றும். நான் இரண்டு பக்கமும் இல்லை. நல்ல ஃபிளக்ஸும் (ஈயம் நன்றாக ஓடி ஒட்ட உதவும் பசை) சரியான பிட்டும் முதலில், மிச்சமிருக்கும் காசுக்கு ஏற்ற அயர்ன் அதற்கப்புறம் என்பதுதான் என் கட்சி. அதிலும் நம்ம கடலூர், புதுச்சேரி உப்புக் காற்றில் இந்த வரிசையை மாற்றினால் காசு வீண்.

எதைப் பற்றவைக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் பார்த்துவிடலாம். ரெசிஸ்டர், கெபாசிட்டர் அளவுகள் அங்குலக் கணக்கில் எழுதப்படுபவை. 1206 என்றால் சுமார் 3.2 மி.மீ. நீளம், 1.6 மி.மீ. அகலம். 0805 என்றால் 2 மி.மீ.க்கு 1.25. 0603 என்றால் 1.6க்கு 0.8. 0402 வெறும் 1 மி.மீ.க்கு 0.5, கீழே விழுந்தால் தேடாதீர்கள், இன்னொன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஐ.சி.யில் எஸ்.ஓ.ஐ.சி. வகைக்கு ஒரு காலின் மையத்திலிருந்து அடுத்த காலின் மையத்துக்கு 1.27 மி.மீ. இருக்கும், தாராளம். டி.க்யூ.எஃப்.பி. வகையில் அது 0.8 அல்லது 0.5 மி.மீ. ஆகிவிடும். இதுவரைக்கும் எல்லாமே சாதாரண அயர்னால் முடிகிற வேலைதான். க்யூ.எஃப்.என்., பி.ஜி.ஏ. மாதிரி அடியில் பேட் (ஈயம் பிடிக்கிற செம்புத் தளம்) மறைந்திருக்கிற வகைக்குத்தான் அயர்ன் தடுமாறும். புதிதாக ஆரம்பிக்கிறவர் 0805, எஸ்.ஓ.ஐ.சி. என்று எடுத்துக்கொண்டால் கண்ணுக்கும் கைக்கும் நல்லது. சொந்தமாக போர்டு வரைகிறவராக இருந்தால் 0402 பக்கம் போகவே காரணம் இல்லை.

இப்போது அயர்ன்கள். 25 வாட் அயர்னில் சூட்டைக் கட்டுப்படுத்த ஒன்றும் கிடையாது, செருகினால் தன் போக்கில் ஏறும். சும்மா ஸ்டாண்டில் கிடக்கும்போது தேவைக்கு மேல் சூடாகி முனை கறுத்துப்போகும். அதே முனையைப் பெரிய கிரவுண்ட் செம்புப் பரப்போடு சேர்ந்த பேடில் வைத்தால் சூடு முழுவதையும் போர்டு உறிஞ்சிக்கொள்ள, ஈயம் (சால்டர்) களி மாதிரி இழுபடும். வயர், கனெக்டர், துளை போட்ட போர்டில் கால் நுழைக்கிற பாகங்கள் எல்லாவற்றுக்கும் இது நன்றாகவே வேலை செய்கிறது, அதில் குறை சொல்ல மாட்டேன். 0805 கூட முடியும். ஆனால் இரண்டு பின் பிளக்கோடு வருகிற மலிவு அயர்னை எடுத்து முனையில் டெஸ்டரை வைத்துப் பாருங்கள், சிலதில் மினுமினுக்கும். உள்ளே இருந்து கசியும் மின்சாரம் அது. மாஸ்ஃபெட் போன்ற டிரான்சிஸ்டர்களின் ‘கேட்’ என்கிற நுட்பமான முனையை அது சத்தமில்லாமல் கொன்றுவிடலாம், நீங்கள் சர்க்யூட் தப்போ என்று போர்டையே வெறித்துக்கொண்டிருப்பீர்கள். மூன்று பின் உள்ளதாகத்தான் வாங்க வேண்டும். மூன்று பின் வாங்கியும், வீட்டு சாக்கெட்டில் எர்த் ஓட்டை வெறும் ஓட்டையாக இருந்தால் பயனில்லை. பழைய வீடுகளில் இது சகஜம். ஒயர்மேன் வரும்போது பார்த்துத் தரச் சொல்லுங்கள்.

கைப்பிடியில் திருகு உள்ள 60 வாட் அயர்ன் இதற்கு அடுத்த படி. இதில் இரண்டு ஜாதி உண்டு, பார்ப்பதற்கு ஒன்று போலவே இருக்கும். ஒன்றில் திருகு என்பது ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி பவரைக் கூட்டிக் குறைப்பது மட்டும்தான், பக்கத்தில் அச்சடித்த டிகிரிக்கும் முனையின் சூட்டுக்கும் சம்பந்தம் கிடையாது. இன்னொன்றில் செராமிக் ஹீட்டருக்குள்ளேயே சென்சார் இருக்கும், சூடு குறைந்தால் தானாகப் பவர் ஏற்றும். வாங்கும்போது ‘டெம்பரேச்சர் கன்ட்ரோல்’ என்ற எழுத்தை மட்டும் நம்ப வேண்டாம், 900எம் பிட் (936 ஸ்டேஷனில் போடுகிற அதே பிட்) ஏறுமா, செராமிக் ஹீட்டரா, மூன்று பின்னா என்று மூன்றையும் கேளுங்கள். மூன்றுக்கும் ஆமாம் என்றால், மாதத்துக்கு ஒருமுறை போர்டு செய்கிற ஒரு மாணவருக்கு இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை என்பது என் கணிப்பு.

ஸ்டேஷன் என்று போனால் 936 வகைக்கும் டி12 வகைக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். 936 வகையில் ஹீட்டர் தனி, பிட் அதன்மேல் தொப்பி போல ஏறி உட்காரும். இடையில் காற்று இருப்பதால் முனையில் சூடு குறைந்த விஷயம் சென்சாருக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேரும். டி12இல் ஹீட்டர், சென்சார், முனை மூன்றும் ஒரே துண்டு. அதனால் சில நொடிகளில் சூடாகும், பெரிய பேடைத் தொட்டாலும் உடனே சமாளித்துக்கொள்ளும். பிட் தேய்ந்தால் ஹீட்டரோடு சேர்த்து மாற்ற வேண்டும், அந்தச் செலவு இருக்கிறது. 936 பிட் மலிவு, எங்கேயும் கிடைக்கும், ஆளும் முரட்டு ஆள். தினமும் மணிக்கணக்கில் வேலை என்றால் டி12, ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்றால் 936 போதும்.

டைப்-சி அயர்ன் விஷயம்தான் சுவாரசியமானது. பைன்சில், டிஎஸ்101 வகையறாக்களும் டி12 தத்துவம்தான், ஹீட்டர் பிட்டுக்குள்ளேயே இருக்கும். அந்த பிட்டின் தடை சுமார் 8 ஓம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 24 வோல்ட் கொடுத்தால் 72 வாட் வரும், 20 வோல்ட்டில் 50 வாட், 12 வோல்ட்டில் வெறும் 18 வாட். அதாவது அயர்ன் எவ்வளவு நல்லது என்பதைச் சார்ஜர்தான் முடிவு செய்கிறது. வீட்டில் கிடக்கிற பழைய போன் சார்ஜரில் செருகிவிட்டு ‘இதில் ஈயமே உருகவில்லை’ என்று சலித்துக்கொள்வதில் நியாயம் இல்லை. 20 வோல்ட் தரும் பி.டி. (பவர் டெலிவரி) சார்ஜர் வேண்டும், லேப்டாப் சார்ஜர் பெரும்பாலும் சரியாக வரும்.

இதில் இந்த ஊருக்கென்று ஒரு வசதி இருக்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியபோது கரண்ட் திரும்பி வர எத்தனை நாள் ஆனது என்று இங்கே யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோதும் புதுச்சேரி தண்ணீரில் நின்றது. அந்த மாதிரி நேரத்தில்தான் தண்ணீர் புகுந்த மோட்டார் போர்டு, எமர்ஜென்சி லைட், சார்ஜர் எல்லாம் ரிப்பேருக்கு வரும். 20 வோல்ட் தரும் பவர் பேங்கிலோ, 12 வோல்ட் பேட்டரியிலோ ஓடும் அயர்ன் அப்போது கைகொடுக்கும். 12 வோல்ட்டில் 18 வாட்தான் என்றாலும் வயர் பற்றவைக்க அது தாராளம். இன்னொன்றும் உண்டு: பவர் பேங்கில் ஓடும்போது மெயின்ஸ் தொடர்பே இல்லை, ஆகவே கசிவுத் தொல்லையும் இல்லை. இரண்டு பின் சார்ஜரில் ஓடும்போது அது உண்டு. அயர்னில் எர்த் திருகு இருந்தால் அதிலிருந்து ஒரு வயர் எடுத்து, சரியான எர்த்தில் சேர்த்துவிடுங்கள்.

அயர்ன் கதை போதும், பிட்டுக்கு வருவோம். வேலை கெட்டுப்போவது அநேகமாக இங்கேதான்.

பாகம் சின்னது, அதனால் முனையும் ஊசியாக இருக்க வேண்டும் என்று எல்லாருக்கும் தோன்றும். பெட்டியோடு வருவதும் பெரும்பாலும் ஊசி முனைதான். ஆனால் சூடு போவது தொடுகிற பரப்பு வழியாக. ஊசி நுனி பேடைத் தொடுவது ஒரே ஒரு புள்ளியில், அந்தப் புள்ளிக்கு வருவதற்குள் நீளக் கழுத்திலேயே சூடு குறைந்துவிடுகிறது, போதாக்குறைக்கு ஈயம் நுனியில் நிற்காமல் சூடு அதிகமாக இருக்கும் மேல்பக்கத்துக்கு ஏறிக்கொள்கிறது. உடனே என்ன செய்வோம்? திருகை 420, 450 என்று ஏற்றுவோம். ஃபிளக்ஸ் கருகும், பேட் போர்டிலிருந்து பெயர்ந்து வரும். அதற்குப் பதில் 1.6 மி.மீ. உளி முனையை எடுங்கள். 0603, 0805 எல்லாவற்றுக்கும் அது சரியான அளவு, பேடையும் பாகத்தின் ஓரத்தையும் ஒரே நேரத்தில் தொடும். ரெகுலேட்டர், கனெக்டர் போன்றவற்றுக்கு 2.4 மி.மீ. உளி. நிறைய கால் உள்ள ஐ.சி.க்குக் கத்தி முனை. ஊசி முனையைப் பெட்டியிலேயே விட்டுவிடலாம், எனக்கு அதற்கு ஒரு வேலையும் அகப்பட்டதில்லை.

பழைய மெக்கானிக்குகள் முனை கறுத்தால் அரம் அல்லது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார்கள். வெறும் செம்புப் பிட்டுக்கு அது சரி. இப்போது வருகிற பிட்களில் மேலே இரும்பு முலாம் இருக்கிறது. அதைத் தேய்த்து எடுத்துவிட்டால் உள்ளே இருக்கும் செம்பை வெள்ளீயம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் குழி விழுத்திவிடும். பித்தளைச் சுருளில் குத்தித் துடைத்தால் போதும். வேலை முடிந்து அணைக்கும் முன் முனை நிறைய ஈயம் பூசி அப்படியே விடுங்கள். கடலூர் தேவனாம்பட்டினம் பக்கமோ புதுச்சேரி பீச் ரோடு பக்கமோ, கடலோரத்தில் வீடு என்றால் இதில் சோம்பல் கூடாது, உப்பு ஈரம் ஏறிய காற்றில் பூசாமல் விட்ட முனை சீக்கிரமே ஈயத்தை ஏற்க மறுக்கும்.

ஈயக் கம்பியில் தேர்வு எளிது. 63/37 வாங்குங்கள், 0.5 அல்லது 0.6 மி.மீ. பருமனில், உள்ளே ஃபிளக்ஸ் உள்ளதாக. 63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம் சேர்ந்தால் சரியாக 183 டிகிரியில் ஒரே மூச்சில் உருகி, ஒரே மூச்சில் உறையும். கடையில் அதிகம் கிடைக்கும் 60/40 என்றால் 183க்கும் 190க்கும் இடையில் கூழாக ஒரு நிலை இருக்கும், அந்த நேரத்தில் கை ஆடினால் டிரை சால்டர்தான், அதாவது சரியாக ஒட்டாத ஜாயின்ட். வயருக்கு 60/40 பரவாயில்லை. காரீயம் இல்லாத வகைக்கு 217 முதல் 227 டிகிரி வரை வேண்டும், ஓட்டமும் குறைவு, பளபளப்பும் வராது என்பதால் ஜாயின்ட் சரியா இல்லையா என்று கண்ணால் சொல்வது கஷ்டம். ஐரோப்பாவில் 2006 ஜூலையில் காரீயத் தடை வந்ததிலிருந்து கம்பெனி போர்டுகள் பெரும்பாலும் இந்த வகைதான். ஆகவே ரிப்பேருக்கு வந்த போர்டில் பாகத்தைக் கழற்ற முடியவில்லை என்றால் சூட்டை ஏற்றாமல், அந்த ஜாயின்டில் கொஞ்சம் 63/37 சேர்த்து உருக்குங்கள், இளகிக் கொடுக்கும். 138 டிகிரியிலேயே உருகும் பிஸ்மத் வகை ஒன்றும் ஆன்லைனில் கிடைக்கிறது, கேட்க ஆசையாக இருக்கும். காரீயம் உள்ள போர்டில் அதைக் கலக்காதீர்கள், பிஸ்மத், வெள்ளீயம், காரீயம் மூன்றும் சேர்ந்தால் 96 டிகிரியிலேயே இளகும் கலவை உண்டாகும்.

காரீயம் என்றதும் புகையைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. 350 டிகிரியில் காரீயம் ஆவியாக எழும்புவது இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். அந்தப் புகை ஃபிளக்ஸ் எரிகிற புகை, அது மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. காரீயம் உள்ளே போவது கை வழியாக. பாதி வேலையில் எழுந்து முறுக்கு எடுத்துக் கடிக்கிற பழக்கத்தை விடுங்கள், சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், சாப்பாட்டு மேஜையில் இந்த வேலை வேண்டாம், சின்னப் பிள்ளைகள் தவழும் தரையிலும் வேண்டாம்.

ஃபிளக்ஸ். இதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. கடையில் ‘சால்டரிங் பேஸ்ட்’ என்று கேட்டால் ஒரு சின்னத் தகர டப்பாவை நீட்டுவார்கள், ‘இதாம்பா எல்லாரும் வாங்குறது’ என்பார் கடை அண்ணன். அவற்றில் சில, தகரவேலைக்கும் குழாய் வேலைக்கும் ஆன, துத்தநாகக் குளோரைடு கலந்த அமில வகை. பற்றவைக்கும்போது பிரமாதமாக ஓடும், அதுதான் ஏமாற்று. மிச்சம் போர்டில் நின்றுவிட்டால் ஈரத்தை இழுத்து, சில வாரங்களில் செம்பைப் பச்சையாக அரித்துவிடும். மழைக்காலத்தில் இன்னும் வேகமாக. சந்தேகமாக இருந்தால் பளபளவென்று சுரண்டிய செம்புக் கம்பியில் கொஞ்சம் தடவி ஜன்னலோரம் வைத்துவிட்டு அடுத்த வாரம் பாருங்கள், பச்சை பூத்திருந்தால் அந்த டப்பா எலெக்ட்ரானிக்ஸுக்கு ஆகாது. வேண்டியது ரோசின் (பைன் மரப் பிசின்) வகை, அல்லது சிரிஞ்சில் வரும் நோ-கிளீன் ஜெல். ‘நோ-கிளீன்’ என்று எழுதியிருந்தாலும் நம்ம ஊரில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பழைய பல் பிரஷ்ஷில் தொட்டுத் தேய்த்துத் துடைத்துவிடுவது நல்லது. கையால் பற்றவைக்கும்போது பாதி ஜெல் சரியாகச் சூடாகாமல் நின்றுவிடும், அதுதான் பின்னால் ஈரம் பட்டுக் கசியும். ஆல்கஹால் பாட்டிலையும் இறுக மூடுங்கள், அதுவும் காற்றில் இருந்து தண்ணீர் குடிக்கும்.

நல்ல ஃபிளக்ஸும் உளி முனையும் இருந்தால் வேலை எப்படிப் போகும் என்று ஒரு 0805 ரெசிஸ்டரை வைத்துச் சொல்கிறேன். முதலில் சீலிங் ஃபேனை நிறுத்துங்கள். அயர்ன் 330 டிகிரி. வலது கைக்காரர் என்றால் வலப்பக்கப் பேடில் மட்டும் கொஞ்சம் ஈயம் வையுங்கள், மேடு தெரிய வேண்டும், அவ்வளவுதான். இரண்டு பேடுக்கும் ஃபிளக்ஸ் தடவுங்கள். ட்வீசரில் ரெசிஸ்டரைப் பிடித்து, அயர்னால் அந்த மேட்டை உருக்கிக்கொண்டே பக்கவாட்டில் நகர்த்தி உள்ளே சேருங்கள், போர்டோடு படிந்திருக்க வேண்டும். அயர்னை எடுத்தபிறகும் ஈயம் பளிச்சிட்டு உறையும் வரை ட்வீசரை விடாதீர்கள். அப்புறம் போர்டைத் திருப்பி அடுத்த பேடுக்கு ஈயம் கொடுங்கள், கடைசியாக முதல் பேடில் ஃபிளக்ஸ் ஒரு துளி வைத்து மறுபடி ஒரு முறை தொடுங்கள். ஓரம் குழிந்து வழுக்கிக்கொண்டு இறங்கினால் சரி, உருண்டையாக நின்றால் பேட் சூடாகவில்லை. செராமிக் கெபாசிட்டருக்கு மட்டும் முனையைப் பாகத்தின்மேல் அழுத்தாமல் பேடில் வையுங்கள், திடீர்ச் சூட்டில் உள்ளே விரிசல் விடும், வெளியே தெரியாது.

ஐ.சி. என்றால் எதிரெதிர் மூலையில் இரண்டு கால்களை மட்டும் முதலில் பிடித்து, எல்லாக் காலும் பேடுக்கு நேராக இருக்கிறதா என்று போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். சரியென்றால் வரிசை முழுவதும் ஃபிளக்ஸ் போட்டு, ஈயம் ஏந்திய கத்தி முனையை மெதுவாக இழுத்துக்கொண்டே போங்கள். இரண்டு கால் ஒட்டிக்கொண்டால் பதற வேண்டாம். ஃபிளக்ஸ் போட்டுச் சுத்தமான முனையால் தொட்டால் பாதி நேரம் தானே பிரியும், பிரியாததைச் செம்புப் பின்னலால் உறிஞ்சி எடுக்கலாம். சக்கர் (ஈயம் உறிஞ்சும் பம்ப்) இந்த அளவு வேலைக்கு ஒத்துவராது, பேடையே பிடுங்கும்.

மிச்சம் இருப்பது ஹாட் ஏர். 858டி மாதிரி ஒன்று வாங்கினால் க்யூ.எஃப்.என். வைக்கலாம், எடுக்கலாம், உண்மைதான். ஆனால் வைப்பதற்குப் பெரும்பாலும் சால்டர் பேஸ்ட் வேண்டும், அதாவது ஈயப் பொடியும் ஃபிளக்ஸும் குழைத்தது. அதை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், சில மாதத்தில் காய்ந்துபோகும், கத்திரி வெயிலில் கூரியர் வண்டியில் வந்து சேரும்போதே பாதி கெட்டிருக்கலாம். வீட்டு ஃபிரிட்ஜில் தோசை மாவுக்குப் பக்கத்தில் காரீயச் சிரிஞ்சை வைப்பதற்கு அம்மாவிடம் அனுமதி வாங்குவதும் உங்கள் சாமர்த்தியம். மே மாதம் ஃபேன் இல்லாமல் ப்ளோயர் முன்னால் உட்காருவது தனித் தண்டனை, ஃபேன் போட்டால் சூடு சிதறும், சின்னப் பாகங்களும் பறக்கும். அதனால் வருஷத்துக்கு ஒன்றிரண்டு க்யூ.எஃப்.என். என்றால் பக்கத்து மொபைல் ரிப்பேர் கடையில் கொடுத்து வைத்து வாங்குங்கள். தினமும் இதே வேலை செய்கிற கை அது. வாரா வாரம் தேவைப்பட்டால் மட்டும் ப்ளோயர் வாங்குங்கள்.

வாங்குகிற இடத்தைப் பொறுத்தவரை அயர்ன், ஈயக் கம்பி, பின்னல் எல்லாம் கடலூர், புதுச்சேரி இரண்டு ஊர்க் கடைகளிலும் கேட்டுப் பார்க்கலாம், கையில் எடுத்துப் பார்த்து வாங்குவது உத்தமம். நல்ல ஜெல் ஃபிளக்ஸும் உளி முனையும் கிடைக்காவிட்டால் ஆன்லைன், இல்லையென்றால் சென்னைப் பக்கம் போகும்போது ரிச்சி தெரு. கம்பிச் சுருளில் 63/37 என்று அச்சடித்திருக்கிறதா, பருமன் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், லேபிள் இல்லாத சுருளில் என்ன கலந்திருக்கிறது என்று விற்கிறவருக்கே தெரியாது. பழகுவதற்குப் புது போர்டைப் பலி கொடுக்க வேண்டாம், செத்துப்போன செட்டாப் பாக்ஸ் போர்டு ஒன்றைப் பழைய இரும்புக் கடையிலோ புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையிலோ தேடிப் பாருங்கள், அதிலிருந்து பாகங்களைக் கழற்றி அதிலேயே திருப்பி வைத்துப் பழகுங்கள்.